சுனாமி என்று எழுதியதை அடிக்கச் சொல்

நெட்டுக்குப்பம், எண்ணூர்.
டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தங்கச்சி அம்முவுக்கு அக்கா நீலா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இங்கே சுகம் இல்லை. உயிரோடு இருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பதறக் கூடாது. கடிதத்தைப் பாதியில் கிழித்துப் போடவும் கூடாது. என் மேல் உனக்கு இருப்பது நியாயமான கோபம். அதைப் பத்திரமாக வைத்திரு, பிள்ளை பிறந்த பிறகு எடுத்து ஆசை தீரத் திட்டு. இப்போது கடைசி வரி வரைக்கும் படி.

அப்படியும் நீ பாதியில் நிறுத்திவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது, அதனால் முக்கியமானதை இங்கேயே எழுதுகிறேன். ஸ்கோலின் என்று ஒரு ஊசி மருந்து இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் போடுவது. அதை உனக்குப் போடக் கூடாது. பதினெட்டாம் தேதி உன்னை தியேட்டருக்குள் எடுப்பதற்குள் உன் டாக்டரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

நாம் கடிதம் எழுதிக்கொள்கிற ஆட்களா என்று எனக்கே சிரிப்பாக இருக்கிறது. என்ன செய்வது, உன் போனில் என் நம்பரை மட்டுமில்லை, நம் வீட்டு நம்பர் எல்லாவற்றையும் தடுத்து வைத்திருக்கிறாய். இரண்டரை மாதமாக மணி அடிக்காமலே கட் ஆகிறது. மாப்பிள்ளை ஜெயவேலுக்கு டாக்டர் கொடுத்த தாளைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் போட்டேன், ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அவர் கடலுக்குப் போயிருக்கிறார், கரைக்கு வரப் பத்து நாளாகும் என்று உன் மாமியார் சொன்னார். அந்த அம்மாவிடம் என் வீட்டுக்காரர், உன் மாமா டில்லிபாபுதான் பேசினார். பிள்ளை குறுக்கே இருக்கிறது, பதினெட்டாம் தேதி ஆபரேஷன் என்பதெல்லாம் அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டால் சொல்லவில்லை. மாமா ஊசி விஷயத்தை எடுத்ததும், “மாசமா கீற பொண்ணாண்ட இந்தப் பேச்செல்லாம் இன்னாத்துக்கு, பயந்துக்கும். நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும், அப்பாலிக்கா பேசிக்கலாம்” என்று வைத்துவிட்டாராம். காசிமேட்டை விட்டு அந்தமான் போய் இருபது வருஷமாகியும் பேச்சு மாறவில்லை என்று மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நானே பேசலாம் என்றால் எனக்குக் குரல் இல்லை. தேரடி மார்க்கெட்டில் நான் மீன் விலை சொன்னால் ரயில் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும் என்று கேலி செய்வாயே, அந்தக் குரல் போய்விட்டது. தொண்டைக்குள் ஐந்து மணி நேரம் குழாய் இருந்ததால் வெறும் காற்றுதான் வருகிறது. திரும்பி வந்துவிடுமாம், ஆனால் பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாதாம். மாமாவுக்குக் கொண்டாட்டம்தான், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அதனால் கல்மண்டபத்து லூர்து அண்ணனைப் பிடித்திருக்கிறேன். போர்ட் பிளேர் போகிற கப்பலில் சமையல்கட்டில் இருக்கிறாரே, அவர்தான். கப்பல் நாளை மதியம் கிளம்புகிறது. உன் கையில்தான் கொடுக்க வேண்டும், மாமியார் கையில் கூடாது என்று எழுதிக் காட்டினேன். மாதா மேல் சத்தியம் செய்துவிட்டுப் போயிருக்கிறார். சனிக்கிழமை போய்ச் சேரும் என்கிறார். காற்று பலமாக இருக்கிறது. இன்றைக்கு எங்கள் பக்கம் யாரும் போட் இறக்கவில்லை. கப்பல் நேரத்துக்குப் போக வேண்டும் என்று எல்லைக்காத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வியாழக்கிழமை காலை நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கூடையைத் தூக்கக் குனிந்தேன். வலது பக்கம் அடிவயிற்றில் பிடித்த வலி நிமிரவே விடவில்லை. மாமா ஆட்டோ கொண்டுவந்தார். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன, திருவொற்றியூர் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமானது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து அப்பெண்டிக்ஸ், வெடிக்கிற நிலையில் இருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள்.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் ஒரு பெண், தஹ்சீன் என்று பேர். குள்ளமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தார். கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார். என்ன சாப்பிட்டாய், பல் ஆடுகிறதா, ஆஸ்துமா உண்டா. வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தில் ஏதாவது ஆகியிருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அம்மா அப்பா இருக்கிறார்களா என்றார். அப்பா இருக்கிறார், அம்மா இல்லை என்றேன். சீட்டில் நெட்டுக்குப்பம் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, “சுனாமியா?” என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். அவர் எழுதிக்கொண்டார்.

இந்தத் தலையாட்டலை நமக்குள் யார் ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். சுனாமி வந்த மறு மாதம் புது டீச்சர் வகுப்பில், அம்மாவையோ அப்பாவையோ பறிகொடுத்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றபோது எட்டு வயது அம்மு கையைத் தூக்கினாள். அதுவரைக்கும் ஊர் வாயில் நீ ஆத்தாளை முழுங்கிவிட்டுப் பிறந்தவள். அன்றைக்கு ஒரு நாள் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றாய், டீச்சர் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார். உன்னை அடிப்பதற்கென்றே பள்ளிக்கூடத்துக்கு வந்த நான் உன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பிறகு நானும் அதையே சொல்ல ஆரம்பித்தேன். ரேஷன் ஆபீசில், ஸ்கூலில், என் கல்யாணத்தின்போது. நம் கரையில் அந்த ஒரு சொல்லுக்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. வருஷா வருஷம் டிசம்பர் இருபத்தாறில் எல்லோரோடும் நின்று நாமும் கடலில் பால் ஊற்றினோம். கடல் அம்மாவை ஒன்றும் செய்யவில்லை என்பது நமக்கும் நைனாவுக்கும் தெரியும், குப்பத்தில் பழைய ஆட்களுக்கும் தெரியும், யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

அம்மா உன்னைப் பெற டேபிளில் படுத்துப் பயந்து செத்துப்போனாள் என்பதுதானே நம் வீட்டுக் கதை. பயந்து செத்தாள் என்று எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது, அது ஒரு நோயா? சொன்னால் இவள் பயந்த குடும்பம் என்று எழுதிவிடுவார்கள் என்று நைனா சொல்வார். அதனால்தான் தஹ்சீன் டாக்டர் நேராகக் கேட்டும் இல்லை என்றேன். பொய் சொல்கிறோம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

இனி எழுதப் போவதை நிதானமாகப் படி.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. எனக்கு முதலில் சத்தம்தான் வந்தது. மெஷின் சத்தம், பாத்திரத்தில் கத்தரி விழுகிற சத்தம். பிறகு தைத்த இடத்தில் எரிச்சல். நீலா, கண்ணைத் திறங்க என்று யாரோ சொல்கிறார்கள். திறக்கிறேன். திறக்கவில்லை. கையைத் தூக்குங்க என்கிறார்கள். தூக்குகிறேன், ஒரு விரல்கூட அசையவில்லை. கத்தலாம் என்றால் நாக்கு கிடந்த இடத்தில் கிடக்கிறது. மூச்சை இழுக்கிறேன், நெஞ்சு ஏறவில்லை. வேறு யாரோ ஊதி ஊதி என் நெஞ்சை ஏற்றி இறக்குகிறார்கள். ஊதுவதை நிறுத்தினால் நான் அவ்வளவுதான் என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. எல்லாம் தெரிகிறது அம்மு. ஏ.சி. குளிர் தெரிகிறது. வெளியே ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பரோட்டா சொல்வது கேட்கிறது. நான் உள்ளே இருக்கிறேன் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போது ஒரு ஆள், யாரென்று தெரியாது, “பி.பி. எகிறுது, ரொம்பப் பயந்துட்டாங்க போல” என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும், சரி, நானும் அம்மா மாதிரி பயந்து சாகிறேன் என்று நினைத்தேன். பயப்படாமல் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நைனா நம் இரண்டு பேரையும் முகத்துவாரத்தில் போட்டின் விளிம்பில் நிற்க வைத்து, பயம் வுட்டுப் போவணும், ஒண்ணு ரெண்டு மூணு குதி என்பாரே, அதை மனதுக்குள் சொன்னேன். மூன்று சொல்லியாகிவிட்டது. குதிக்க உடம்பு இல்லை. திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

என் கண்ணில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை எடுத்த நர்ஸ், ஷிஜி என்று பேர், நாகர்கோவில் பக்கத்துப் பெண், அவள்தான் பார்த்தாள். “டாக்டர், கண்ணுல தண்ணி வடியுது” என்றாள். உடனே தஹ்சீன் டாக்டர் என் காதருகே குனிந்து பேசினார். “நீலா, நீங்க முழிச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒண்ணும் ஆகல. மருந்து உடம்பை விட்டுப் போகல, அவ்வளவுதான். மூச்சை நான் பார்த்துக்கிறேன், இங்கேயே இருக்கேன். இப்போ உங்களைத் தூங்க வைக்கப் போறேன்” என்றார். ஷிஜி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒன்றும் தெரியாது. சாயங்காலம் நாலரைக்குக் கை கால் அசைந்தது, குழாயை எடுத்தார்கள். நான் அப்படி முழித்துக் கிடந்தது மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தானாம். எனக்கு ஒரு நாள் முழுக்க என்று தோன்றியது.

அன்றையிலிருந்து கண்ணை மூடப் பயம். பகலில்கூடப் படுத்தால் கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டேதான் கிடக்கிறேன். ஆடுகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இது போக மாதக்கணக்காகும், அதற்கும் தனியாக டாக்டர் இருக்கிறார் என்று தஹ்சீன் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார். தூங்க வைக்கிற மருந்து வேறு, தசையைத் தளர்த்துகிற மருந்து வேறு. நரம்பு சொன்னால்தான் தசை அசையும். ஸ்கோலின் போய் நரம்பு பேசுகிற இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. உடம்பு ஒரு முறை துடித்துவிட்டு எல்லாத் தசையும் தளர்ந்துவிடுகிறது, மூச்சு விடுகிற தசையும்தான். அதனால்தான் குழாய் போட்டு மெஷினை வைத்து மூச்சுக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த மருந்து மூளையைத் தொடாது, தூக்கம் தராது, வலியைக் குறைக்காது. நான் இட்லி தின்றுவிட்டு வந்ததால் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் ஏறாமல் குழாயைச் சட்டென்று போட வேண்டியிருந்ததாம். அவசரத்துக்கு இதைப்போல வேகமான மருந்து இல்லை, ஒரு நிமிஷத்தில் பிடித்துவிடும், ஐந்து பத்து நிமிஷத்தில் விட்டும் போய்விடும். ஏனென்றால் மனுஷர் ரத்தத்தில் ஒரு என்சைம் இருக்கிறது, அது அந்த மருந்தை வெட்டிப் போட்டுவிடுகிறது.

என் ரத்தத்தில் அது சரியாக இல்லை. இல்லவே இல்லையா என்று எழுதிக் காட்டினேன். இருக்கிறது, வேலை செய்யவில்லை என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. அரிவாள்மனை இருக்கிறது, கூர் இல்லை. மற்றவர்களுக்குப் பத்து நிமிஷத்தில் போகிற மருந்து என்னை விட்டுப் போக ஐந்து மணி நேரமாகியிருக்கிறது. மற்றத் தளர்த்து மருந்துகளுக்கு அதைத் திருப்புகிற மாற்று ஊசி உண்டாம். இதற்குக் கிடையாது. மூச்சைக் கொடுத்துக்கொண்டே காத்திருப்பதுதான் வைத்தியம். கொடுக்கிற மூச்சை மட்டும் நிறுத்தக் கூடாது. ஆபரேஷன் முடிந்தது என்று தூக்க மருந்தை நிறுத்தியாகிவிட்டது, அதனால்தான் அறிவு வந்துவிட்டது, உடம்பு வரவில்லை. அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார் அம்மு. ஒரு டாக்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இது பிறவியிலேயே வருவது, அம்மா அப்பா வழியாக வருவது, ரத்தச் சொந்தத்தில் வேறு யாருக்காவது ஆகியிருக்க வேண்டுமே என்று சொல்லிக்கொண்டே சீட்டைப் புரட்டினார். அம்மா சுனாமி, என்று படித்தார்.

கதவோரம் ஃபிளாஸ்க்கோடு நைனா நின்றுகொண்டிருந்தார். நம் முன்னால் இருபத்தொன்பது வருஷமாக அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன். “சுனாமி இல்லமா” என்றார். “இவ ஆத்தா சுனாமில போவல. சின்னத்தப் பெக்க சொல்ல டேபிள்ல போனா. பயந்து பூட்டா” என்றார்.

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்கிறேன். பிள்ளை பதினோரு மணிக்கு அழுதது என்றார் நைனா. அம்மா எழுந்திருக்கவில்லை. கை கால் அசையவில்லை, மூச்சு இல்லை, நாடி மட்டும் இருக்கிறது என்றார்களாம். “சாயங்காலம் வரிக்கும் ரப்பர் பையை வெச்சு அமுக்கிகினே இருந்தாங்க. அப்பால பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போன்னு வேன்ல ஏத்துனாங்க. வேன்ல அமுக்கறதுக்கு ஆளு இல்ல” என்றார்.

தஹ்சீன் டாக்டர், இன்னும் கொஞ்ச நேரம் அமுக்கியிருந்தால் என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் பார்க்காத பேஷண்டைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்று இரண்டு தடவை சொன்னார். உங்கள் மனைவி உங்களுக்கு உறவா என்று கேட்டார். அக்கா பெண் என்றார் நைனா. டாக்டர் தலையை ஆட்டினார்.

நைனா பிறகு ஒன்று கேட்டார். அதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன். அவர் மட்டும் சுமந்துகொண்டிருக்க வேண்டாம். வேனில் ஏற்றும்போது அம்மாவின் கண்ணிலிருந்து காது வரைக்கும் தண்ணீர் வடிந்திருக்கிறது. நைனா அங்கிருந்தவர்களிடம் காட்டியிருக்கிறார். உடம்பு அப்படித்தான் விடும் என்றார்களாம். நைனா அம்மாவின் முகத்தருகே போய், “ரெண்டு கொயந்தைங்கள வுட்டுட்டு இப்டி பயந்து சாவுறியேடி பாவி” என்று திட்டினாராம். “அது அவளுக்குக் கேட்டிருக்குமாம்மா?” என்று டாக்டரிடம் கேட்டார்.

டாக்டர் நைனாவின் கையிலிருந்த ஃபிளாஸ்க்கை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்.

எனக்குப் பதில் தெரியும். நைனாவிடம் சொல்லவில்லை. உனக்கும் தெரிந்திருக்கும்.

கை வலிக்கிறது. மிச்சத்தைக் காலையில் எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை.

லூர்து அண்ணன் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். காற்று கொஞ்சம் குறைந்திருக்கிறது. கப்பல் கிளம்பிவிடும் என்று சொன்னார்களாம்.

இனி உன் விஷயம். டாக்டர் ஒரு தாளின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினார். அம்மாவுக்கு இந்தக் குறை முழுசாக இருந்திருக்க வேண்டும். நைனா அம்மாவுக்கு ரத்தச் சொந்தம், அவரிடமும் பாதி இருக்கும். எனக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டது. உனக்கு முழுசாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் ரத்தத்தையும் நைனா ரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். உன்னுடையதையும் எடுத்து அனுப்பலாம், ஆனால் அங்கிருந்து போய் முடிவு வருவதற்குள் பதினெட்டு தாண்டிவிடும். அதனால் முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம், உனக்கும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அந்த என்சைம் சாதாரணமாகவே குறைந்திருக்குமாம், அதையும் சொன்னார்.

முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்தால் இந்த மருந்து வேண்டியிருக்காது. பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். அப்படித்தானே என்று நீ சும்மா இருந்துவிடாதே. திடீரென்று பிள்ளைக்கு மூச்சுத் திணறல் என்றாலோ முதுகு ஊசி சரியாகப் பிடிக்கவில்லை என்றாலோ முழு மயக்கத்துக்குப் போவார்கள். அந்த அவசரத்தில் அவர்கள் கை முதலில் போவது ஸ்கோலினுக்குத்தான். அப்போது உன்னால் சொல்ல முடியாது. முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சில இடத்தில் இதையே சக்சினைல்கோலின் என்பார்கள், சக்ஸா என்றும் சொல்வார்கள். நாம் மத்தி என்பதை ஷிஜி சாளை என்கிறாள், அதே மாதிரிதான், மீன் ஒன்றே. அதற்குப் பதிலாக எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று எல்லாவற்றையும் டாக்டர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தன் போன் நம்பரையும் கொடுத்திருக்கிறார். உன் டாக்டர் எந்த நேரம் கூப்பிட்டாலும் எடுப்பேன் என்றார். இந்தக் கடிதத்தோடு மூன்று நகல் வைத்திருக்கிறேன். ஒன்று உன் ஆஸ்பத்திரி ஃபைலில், முதல் பக்கத்தில் குத்தச் சொல். ஒன்று மயக்க டாக்டரின் கையில். ஒன்று உன்னிடமே இருக்கட்டும், தியேட்டருக்குள் போகும்போதும் விடாதே. பிள்ளைக்கும் பின்னால் ரத்தம் பார்க்க வேண்டுமாம், அதற்கு அவசரமில்லை.

உன் ஃபைலில் அம்மா எப்படி இறந்தார் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தமான், சுனாமி, இரண்டாவது கேள்வியே கேட்டிருக்க மாட்டார்கள். அதை அடிக்கச் சொல் அம்மு. உன் கண் முன்னால் பேனாவால் அடித்துவிட்டு, 1996, ஆபரேஷன் டேபிளில், மருந்து விட்டுப் போகவில்லை என்று எழுதச் சொல். நீ பொய் சொன்னதாக யாரும் உன்னைத் திட்ட மாட்டார்கள். திட்டினால் வாங்கிக்கொள்.

உன் வளைகாப்பு அன்று நடந்ததையும் எழுதாமல் முடித்தால் நான் மனுஷி இல்லை. கை நிறைய வளையலோடு சமையல்கட்டுக்கு வந்து, “அக்கா, எனக்குப் பயமா கீதுக்கா” என்றாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, அம்மா பயந்துதான் செத்தாள், நீயும் பயந்து சாவு என்றேன். இருபது பேருக்கு முன்னால் சொன்னேன். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டில் இருக்க வேண்டிய பெண்ணை அந்த ஒரு வார்த்தையால் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன். எனக்கும் பயமாக இருந்தது அம்மு, உன் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருந்தது, அதைச் சொல்லத் தெரியாமல் அப்படிச் சொன்னேன். தப்பு. நைனா வேனில் சொன்னதையேதான் நான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன்.

நைனா சரியாகச் சாப்பிடுவதில்லை. டி.வி.யைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று, அம்முவை நான் தண்ணியில் தள்ளி விட்டதெல்லாம் வீண்தானா என்று கேட்டார். நீச்சல் தெரிந்ததே லாபம் என்று எழுதிக் காட்டினேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததும் நைனா போனுக்குக் கூப்பிட்டு, கிடைத்தது, டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்று அந்த இரண்டை மட்டும் சொல். என்னிடம் பேச வேண்டாம், எனக்கும் பேச முடியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். லூர்து அண்ணனிடம் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புகிறேன். அனல்மின் நிலையத்துச் சாம்பல் விழாமல் மொட்டைமாடியில் துணி கட்டிக் காய வைத்தது, பயப்படாமல் சாப்பிடு.

அதற்கு மட்டும்தான் பயப்படாதே என்று எழுதுவேன். ஊரில் எல்லோரும் உன்னிடம் பயப்படாதே என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். அம்மா பயந்து சாகவில்லை. அவள் உள்ளே முழித்துக்கொண்டு இருந்தாள், அவளுக்கு வாய் இல்லை. உனக்கு இருக்கிறது. பயப்படு அம்மு. நன்றாகப் பயப்படு. டாக்டர், நர்ஸ், வார்டு ஆயா என்று யார் எதிரில் வந்தாலும் கையைப் பிடித்து நிறுத்தி, சத்தம் போட்டுப் பயப்படு. அவர்கள் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று எழுதிக்கொள்ளட்டும். நீயும் பிள்ளையும் நூறு வயசு இருங்கள்.

உன் குரலைக் கேட்கக் காத்திருக்கும்,
அக்கா நீலா.